அந்த மிஷினை எடைக்குப் போடாதே

க்ளிஷி,
ஞாயிறு மாலை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் மார்ச்சில் வந்தது, இப்போது அக்டோபர். ஏழு மாதம் பதில் எழுதாமல் இருந்தது தவறு, மன்னித்துவிடு. அக்காவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? சின்னவன் பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டானா? இங்கே எல்லோரும் நலம். வீடு மாற்றிக்கொண்டு பாரிஸை ஒட்டிய க்ளிஷிக்கு வந்துவிட்டோம். நீல பீரோ விஷயம் உன் மனைவிக்கு இன்னும் தெரியாது என்று நம்புகிறேன்.

அப்பாவின் பட்டறையை மூடப்போகிறேன், தகடு மடக்கும் பெண்டிங் மிஷினை எடைக்குப் போடப்போகிறேன் என்று கடைசியில் ஒரே வரி எழுதியிருந்தாய். மழைக்கு ஓலை மாற்றியதை மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதியவன், இதற்கு ஒரு வரிதானா? அன்றைக்கு எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. போன வாரம்தான் தெரிந்தது. அதனால் எழுதுகிறேன்.

புது வீட்டிலிருந்து மெட்ரோவுக்குப் போகும் வழியில் ஒரு கட்டடம் இருக்கிறது. பெயர் ‘மக்கள் இல்லம்’. முதல் நாள் பார்த்தபோது பழைய பஸ் டெப்போ என்று நினைத்துக் கடந்துவிட்டேன். இரண்டாம் நாள் சுவரைப் பார்த்து நின்றுவிட்டேன். செங்கல் இல்லை, கல் இல்லை. மடித்த இரும்புத் தகடு! உன் பட்டறையில் பீரோ கதவு செய்வது போலவே ஓரத்தை மடித்து, விறைப்பேற்றி, ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தியிருக்கிறார்கள். “ஓரத்தை மடக்குடா, அப்போதுதான் தகடு நிமிரும்” என்று அப்பா நம் இருவர் தலையிலும் தட்டிச் சொன்னது காதில் கேட்டது.

அதைச் செய்தவர் ழான் ப்ரூவே. நான்சி ஊர்க்காரர், ஓவியரின் மகன், இரும்பு வேலை பழகியவர். 1924இல் சொந்தப் பட்டறை வைத்தார். கட்டடக் கலைஞர் பட்டம் எதுவும் கிடையாது. போதுவான், லோத்ஸ் என்ற இரு கட்டடக் கலைஞர்களும், போதியான்ஸ்கி என்ற பொறியாளரும், இவருமாகச் சேர்ந்து 1939க்குள் இதை முடித்திருக்கிறார்கள். அன்றைய நகராட்சி கேட்டது எளிய விஷயம்: காலையில் காய்கறிச் சந்தை நடக்க வேண்டும், மற்ற நேரத்தில் ஊர்க்கூட்டம் போட வேண்டும், மாலையில் சினிமா காட்ட வேண்டும். மூன்றுக்கும் இடம் ஒன்றுதான்.

எப்படிச் சமாளித்தார்கள் தெரியுமா? மாடித் தளத்தின் நடுப்பகுதியையே எட்டுத் துண்டுகளாகச் செய்துவிட்டார்கள். சந்தை நேரத்தில் அந்த எட்டும் மேடைக்குப் பின்னால் அடுக்கப்பட்டிருக்கும். நடுவில் தளமே இல்லாததால் மேலிருந்து வெளிச்சம் நேராகக் கீரைக் கட்டின் மேல் விழும். கூட்டம் என்றால் அவற்றை நகர்த்திக்கொண்டு வந்து மூடினால் அரங்கு தயார். படம் காட்ட வேண்டுமென்றால் ஒரு தடுப்புச் சுவர் நகர்ந்து வந்து இடத்தைச் சுருக்கும். கூரையும் இரண்டாகப் பிரிந்து விலகும், தலைக்கு மேல் வானம்தான். இதையெல்லாம் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உனக்கென்றே இன்னொரு செய்தி வைத்திருக்கிறேன். மெல்லிய தகடு அலை அலையாக நெளியுமே, அது உன் தொழிலின் தீராத தலைவலி. ப்ரூவே இரண்டு தகடுகளுக்கு நடுவே மெத்தைக்குள் வைக்கும் சுருள் வில்லை வைத்தார். வில் உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருப்பதால் தகடு விறைப்பாக நிற்கிறது. இதை அப்பா கேட்டிருந்தால் அன்றே ஒரு பழைய மெத்தையைக் கிழித்துப் பார்த்திருப்பார்.

ஆனால் மனம் கனக்கிறது, சேகர். பஸ் நிறுத்தத்தில் ஒரு வயதான அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். சிறு வயதிலிருந்து இதே தெருவில் இருக்கிறாராம், அந்தக் கூரை திறந்து ஒரு நாளும் பார்த்ததில்லை என்றார். 1983இல் இதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். அப்படியும் 2017இல் இதன் மேலேயே ஏறத்தாழ நூறு மீட்டர் உயரக் கோபுரம் கட்ட ஒரு திட்டம் வந்தது. எதிர்ப்பு கிளம்பியது, கலாசார அமைச்சகமும் மறுத்தது, கைவிட்டார்கள். இடிக்காமல் விட்டது பெரிதுதான். என்றாலும் நகர்வதற்காகவே செய்த ஒரு பொருள் நகராமல் நிற்பதைத் தினமும் கடந்து போவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

ப்ரூவேயின் பட்டறையும் அவர் கையை விட்டுப் போனது. நான்சியை ஒட்டிய மாக்ஸெவில்லில் பெரிய தொழிற்சாலை வைத்திருந்தார். பணம் போட்டவர்கள் ஆதிக்கம் செலுத்தத் தொடங்கியதும், 1953இல் வெளியேறினார். ஐம்பது வயதைக் கடந்தவர், கிட்டத்தட்ட உன் வயது. அடுத்த ஆண்டு நான்சியில் ஒரு மலைச்சரிவில், மிஞ்சிய உதிரிப் பாகங்களைக் கொண்டு, குடும்பத்தோடும் நண்பர்களோடும் தன் வீட்டைத் தானே கட்டினார். அதன் பிறகு பாரிஸை ஒட்டிய லா தெஃபான்ஸில், மூன்றே முனைகளில் நிற்கும் பிரம்மாண்டமான கான்கிரீட் வளைவுக் கூரையோடு ஒரு கண்காட்சி மண்டபம் 1958இல் எழுந்தது, அதன் கண்ணாடி முகப்பு இவருடையது. 1971இல் பாரிஸின் பொம்பிதூ கலை மையத்தைக் கட்ட வரைபடப் போட்டி வைத்தபோது நடுவர் குழுத் தலைவரும் இவர்தான். வந்தவை 681 வரைபடங்கள். அவற்றிலிருந்து தேர்வானது, குழாய்களையும் எலும்புக்கூடு போன்ற இரும்புச் சட்டங்களையும் வெளியே மாட்டிய, ரென்ஸோ பியானோ, ரிச்சர்ட் ராஜர்ஸ் என்ற இரு கட்டடக் கலைஞர்களின் வரைபடம். இருவரும் அப்போது முப்பதுகளில் இருந்தவர்கள். அவர்களுடைய முதல் யோசனையில் மேலும் கீழும் நகரும் தளங்கள்கூட இருந்தன. அது நிறைவேறவில்லை. ஆனாலும் அந்த யோசனையைப் படித்தபோது, ப்ரூவேக்கு க்ளிஷியின் எட்டுத் துண்டுகள் நினைவுக்கு வந்திருக்காதா என்று நான் எண்ணிப் பார்க்கிறேன்.

நீ பட்டறையை நடத்தியே ஆக வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. வாடகை, ஆள் கிடைக்காதது, கடையில் வாங்கும் பீரோவின் விலை எல்லாம் நீ எழுதித்தான் எனக்குத் தெரியும். பட்டறையை மூடு. அந்த மிஷினை மட்டும் எடைக்குப் போடாதே. எங்கள் வீட்டுப் பின்கட்டில் மாட்டுக்கொட்டகை சும்மாதான் கிடக்கிறது, அண்ணனிடம் பேசிவிட்டேன், சாவி அவரிடம் இருக்கிறது. டிசம்பரில் இரண்டு வாரம் வருகிறேன். இரண்டு தகடும் நான்கைந்து மெத்தை வில்லும் வாங்கி வை, செய்து பார்ப்போம்.

ஏற்கெனவே விற்றுவிட்டாய் என்றால், அதையும் ஒரே வரியில் எழுதாதே. யாரிடம், எவ்வளவுக்கு, எந்த வண்டியில் ஏற்றினார்கள் என்று முழுதாக எழுது.

அன்புடன்,
அந்தோணி