எட்டுப் பேருக்கும் ஒரே பயிற்சி போதாது

ஓசூர்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. சீசன் முடிந்ததும் கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலையில் ஷெட் பெயிண்டும் வயரிங்கும் எடுத்திருக்கிறாய், சந்தோஷம். அலுமினிய டவரில், அதான் சக்கரம் வைத்த அந்த நகரும் சாரத்தில், ஏறும் எட்டுப் பேருக்கும் பயிற்சிச் சான்று கேட்கிறார்கள் என்று சலித்துக்கொள்ளாதே, அவர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் எட்டுப் பேரையும் ஒரு ரூமில் உட்காரவைத்து வீடியோ போட்டுக் கையெழுத்து வாங்கினால் அது வெறும் வருகைப் பதிவேடு.

முதலில் ஆட்களைப் பிரி. மேலே நின்று வேலை மட்டும் பார்ப்பவர்களுக்கு ஒரு பயிற்சி. கோர்ப்பவர், பிரிப்பவர், நகர்த்துபவர், சோதிப்பவர் ஆகியோருக்கு வேறு பயிற்சி. அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி 1926.454 இப்படித்தான் பிரிக்கிறது. மறுபயிற்சிக்கு அதில் ஆண்டுக் கணக்கு கிடையாது. வேலையிடமோ சாரத்தின் வகையோ மாறினாலும், ஆள் தப்பாகச் செய்வது தெரிந்தாலும் திரும்பச் சொல்லித்தர வேண்டும். பிரிட்டனில் இந்த டவர்களுக்கான பாஸ்மா அமைப்பு ஒருநாள் பயிற்சிக்குத் தரும் அட்டை 5 ஆண்டு செல்லும். என்னைக் கேட்டால் ஓஷா வழிதான் நம் ஆட்களுக்குப் பொருந்தும். போன மாதம் எச் பிரேம் இரும்புச் சாரத்தில் ஏறியவன் இந்த மாதம் அலுமினியத்தில் ஏறுகிறான், இரண்டும் ஒன்றென்றே நினைக்கிறான்.

கோர்ப்பவர்களுக்குப் பாதி நாளாவது கையால் செய்யவிடு. அதில் முக்கியம் பிளாட்ஃபார்மில் ஆள் ஏறி வர விட்டிருக்கும் கதவுப் பொந்தில் உட்காரும் அந்த ஒரு நிமிடம். பிரேமில் உள்ள படி வழியாக உள்பக்கமாகத்தான் ஏற வேண்டும். பொந்தில் இடுப்பளவு வந்ததும் உட்கார்ந்துவிட வேண்டும், கால் இரண்டும் கீழே தொங்க. உட்கார்ந்தபடியே இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்தில் ஒரு தடுப்புக் கம்பி, இடுப்பு உயரத்தில் ஒரு கம்பி பூட்ட வேண்டும். நாலும் பூட்டிய பிறகுதான் எழுந்து நிற்கலாம். ஐரோப்பியத் தரம் ஈஎன் 1004 படி மேல்கம்பி பிளாட்ஃபார்மிலிருந்து குறைந்தது 950 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். தரையிலிருந்து முதல் பிளாட்ஃபார்ம் 3.4 மீட்டருக்குள், அதற்கு மேல் ஒன்றுக்கொன்று 2.25 மீட்டருக்குள்.

பிரிக்கும்போது தலைகீழ், ஆனால் அங்கேதான் கோட்டை விடுவார்கள். நின்றபடி கம்பிகளின் தூரத்து முனைக் கொக்கியை மட்டும் விடுவித்து, உடனே பொந்தில் இறங்கி உட்கார்ந்து, பக்கத்து முனையைக் கழற்ற வேண்டும். முழுக் கம்பியையும் நின்றபடி கழற்றிக் கீழே கொடுப்பவனைச் சான்றில் சேர்க்காதே, இன்னொரு தடவை செய்யவை.

கொக்கி பூட்டியதா என்பதைச் சத்தத்தை வைத்துச் சொல்லக்கூடாது. பெயிண்ட் காய்ந்து ஒட்டியிருந்தால் கொக்கி பாதியில் நின்றுவிடும், பார்வைக்குப் பூட்டியதுபோலவே இருக்கும். பூட்டியதும் கையால் வெளிப்பக்கம் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கப் பழக்கு. வாடகைக் கடையில் இரண்டு கம்பெனி உருப்படியைக் கலந்து கொடுத்தால் திருப்பி அனுப்பு.

கூழ் ஆலையில் தரையைப் பார்த்தாயா? கழுவுகிற தண்ணீர் ஓடுவதற்காகக் கால்வாயை நோக்கிச் சரிவாகப் போட்டிருப்பார்கள். அதனால் ஒவ்வொரு காலின் ஜாக்கையும் தனித்தனியே திருகி, ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லிக்கொடு. சக்கரம் கால்வாய் மூடி மேல் நிற்கக்கூடாது. ஜாக் இருப்பது மட்டம் சரிசெய்யத்தான், உயரம் கூட்ட அல்ல. நாலு பிரேக்கும் போட்டு, டவர் சாயாமல் முட்டுக்கொடுக்கும் நாலு ஸ்டெபிலைசரும் தரையைத் தொட்ட பிறகே ஏற வேண்டும்.

பெயிண்டரை விட எலக்ட்ரீஷியன்தான் கவலை. மேலே நின்று கேபிள் போகும் டிரேயில் கேபிளை இழுக்கும்போது டவர் பக்கவாட்டில் சாயும். எடை கூடியதால் அல்ல, இழுப்பால். கேபிளைத் தரையிலிருந்தோ வின்ச் வைத்தோ இழுத்துவிட்டு, டவரில் நின்று கிளாம்ப் மட்டும் போடட்டும். எட்டாத இடத்துக்கு வாளியைக் கவிழ்த்து ஏறக்கூடாது, கம்பியில் கால் வைக்கக்கூடாது என்பதும் இவர்கள் பயிற்சியில் கட்டாயம் வரவேண்டும்.

நகர்த்தும்போது மேலே ஆளோ சாமானோ இருக்கக்கூடாது. பாஸ்மா சொல்வது: உயரத்தை 4 மீட்டருக்குக் குறைத்து, அடிப்பகுதியைப் பிடித்துக் கையால் தள்ளு. லோடிங் பக்கம் ஷெட் திறந்திருக்குமே, ஆடிக் காற்று அங்கே புனல் மாதிரி நுழையும். மணிக்கு 27 கி.மீ. தாண்டினால் இறங்கிவிட வேண்டும். ஈஎன் 1004 இல் உயர வரம்பு உள்ளே 12 மீட்டர், வெளியே 8. திறந்த ஷெட்டை வெளி என்றே வைத்துக்கொள்.

ஒடியாக்காரப் பையன்கள் இருந்தால் அவர்கள் பாஷையில் சொல்ல ஒருவர் வேண்டும். தலையாட்டுவதை நம்பாதே, செய்துகாட்டச் சொல். பதிவில் பெயரோடு டவர் மாடலையும், எதைச் செய்துகாட்டினார் என்பதையும், தேதியையும், சொல்லிக்கொடுத்தவர் கையெழுத்தையும் எழுது. சோதிப்பவர் கோர்த்ததும் ஒருமுறையும், பிறகு 7 நாளுக்கு ஒருமுறையும் பார்த்து, பார்த்ததைக் குறித்த அட்டையை (டேக்) டவரில் மாட்டட்டும். இடம் மாற்றினாலும் பலத்த காற்றடித்தாலும் மறுபடி பார்க்க வேண்டும்.

டவரின் மேனுவலைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி வை. அதில் எத்தனை பிரேஸ் (குறுக்குக் கம்பி), எத்தனை ஸ்டெபிலைசர் என்ற பட்டியல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. வியாழக்கிழமைக்குள் வந்தால் உன் எட்டுப் பேருக்கும் செய்முறைத் தாளைத் தயார் செய்துவிடுகிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் ஓசூர் நண்பன்