ராஜ்புத் பற்றி, விசாகப்பட்டினத்து நண்பனுக்கு

மதுரை,
டிசம்பர் 11

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் முந்தாநாள் கிடைத்தது. கடற்படை நாளன்று பேரப்பிள்ளைகளோடு ராமகிருஷ்ணா கடற்கரைக்குப் போனதையும், அங்கே நினைவுச்சின்னத்தின் அருகில் ஒருவர் 1971 போரில் பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கியை மூழ்கடித்தது நம் போர்க்கப்பலான ராஜ்புத்தே அல்ல என்று அடித்துப் பேசியதையும் எழுதி, "உன் மாமா வேலை பார்த்த கப்பல்தானே, நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்டிருக்கிறாய். ஒரு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை.

செக்கானூரணி மாமாவை உனக்கு நன்றாக நினைவிருக்கும். வைகையில் வெள்ளம் வந்தால் ஒழிய முழங்காலுக்கு மேல் தண்ணீர் பார்த்திராத ஊரிலிருந்து போய், ராஜ்புத்தின் கொதிகலன் அறையில் நின்றவர். வீட்டில் ஒரு கதவைச் சாத்தி, கையால் அழுத்திப் பார்த்த பிறகே அடுத்த கதவைத் திறப்பார். நாம் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். அதன் காரணத்தை அவர் எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் சொன்னார். அந்தக் காலத்து நாசகாரி (டெஸ்ட்ராயர்) எனும் ராஜ்புத் வகைப் போர்க்கப்பல்களில் எண்ணெய் நன்றாக எரிவதற்காகப் பெரிய விசிறிகள் கொதிகலன் அறைக்குள் காற்றை அடைத்து அழுத்தத்திலேயே வைத்திருக்குமாம். உள்ளே போக இரண்டு கதவுகள், நடுவில் ஓர் ஆள் நிற்குமளவு இடம். முதல் கதவைச் சாத்தாமல் இரண்டாவதைத் திறந்துவிட்டால் அறையின் அழுத்தம் சட்டென்று இறங்கி, உலையின் தீ முன்னால் நிற்பவன் மீது சீறிப் பாயும். அவருடைய வலது முழங்கையில் இருந்த தழும்பு நீராவிக் குழாய் பட்டது. இந்த இரண்டு கதவுகளை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படி.

ராஜ்புத் நமக்கு வரும்போதே ஒரு பெரும்போரைப் பார்த்துவிட்ட கப்பல். ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் ஜான் பிரவுன் தளத்தில் கட்டப்பட்டு, 1942ஆம் ஆண்டு 'ரோதர்ஹாம்' என்ற பெயரோடு பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தது. பிறகு இந்தியப் பெருங்கடலுக்கு வந்து கிழக்குக் கடற்படையோடு இயங்கியது. 1944 ஏப்ரலில் திரிகோணமலையிலிருந்து கிளம்பிய பெரும்படை சுமத்ராவின் வடமுனையில் உள்ள சபாங்கைத் தாக்கியபோது, விமானந்தாங்கிகளுக்குக் காவலாகச் சென்ற நாசகாரிகளில் அதுவும் ஒன்று. 1945 செப்டம்பரில் ஜப்பானியர் சரணடைந்த சமயம் சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்துக்குள் சென்றதும் இதே கப்பல்தான். 1949இல் ரெடவுட், ரெய்டர் என்ற இரு தோழிக் கப்பல்களோடு இந்தியாவுக்கு வந்தது. அவை ரஞ்சித், ராணா ஆயின, இது ராஜ்புத் ஆயிற்று.

காஸியின் கதையும் இதேபோன்றதுதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அது 1945 மார்ச்சில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த 'டயாப்லோ'. ஜப்பானுக்கு எதிராக முதல் போர்ப்பயணம் கிளம்பியபோதே போர் முடிந்துவிட்டது. 1963இல் பாகிஸ்தானுக்குக் குத்தகையாகக் கொடுக்கப்பட்டது. ஒரே எதிரிக்காக, ஒரே அணியின் இரு நாடுகளில் கட்டப்பட்ட இரண்டு கப்பல்கள், கால் நூற்றாண்டு கழித்து, உன் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிற கடலில் ஒன்றையொன்று தேடின. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

1971 நவம்பர் 14ஆம் தேதி காஸி கராச்சியிலிருந்து புறப்பட்டது. வங்காள விரிகுடா வரை வந்து திரும்பும் திறன் பாகிஸ்தானின் நீர்மூழ்கிகளில் அதற்கு மட்டுமே இருந்தது. அதன் குறி நம் விமானந்தாங்கியான விக்ராந்த். அந்த விக்ராந்துக்கோ கொதிகலன் ஒன்றில் விரிசல். முழு வேகத்தில் ஓட முடியாத நிலை. கிழக்குக் கடற்படைப் பகுதியின் தலைவராக இருந்த வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன், நம் நாகர்கோவில்காரர், விக்ராந்தை அந்தமானுக்கு அனுப்பி மறைத்துவிட்டு, அதன் இடத்தில் ராஜ்புத்தை நிறுத்தினார்.

விசாகப்பட்டினத்திலிருந்து 160 மைல் தள்ளிக் கடலில் நின்றுகொண்டு, தானே விக்ராந்த் என்று எதிரி நம்பும்படி வானொலிச் செய்திகளை ஓயாமல் அனுப்புவதுதான் ராஜ்புத்துக்கு இடப்பட்ட பணி. தாயின் உடல்நிலையை விசாரிக்கும் ஒரு மாலுமியின் தந்தியும், எதிரி படிக்கட்டும் என்றே, மறைகுறி இல்லாமல் அனுப்பப்பட்டது. ஊரில் ஒற்றர்கள் இருப்பார்கள் என்று தெரிந்தே, ஒரு பெரிய கப்பற்படைக்குத் தேவையான அளவு இறைச்சியும் காய்கறியும் உங்கள் ஊர் ஒப்பந்தக்காரர்களிடம் கேட்கப்பட்டன. விக்ராந்த் துறைமுகத்தில் இருக்கிறது என்று கராச்சி நம்பியது.

டிசம்பர் 3ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன்பு, துறைமுகத்துக்குத் திரும்பியிருந்த ராஜ்புத், லெப்டினன்ட் கமாண்டர் இந்தர் சிங் தலைமையில் மீண்டும் கடலுக்குக் கிளம்பியது. துறைமுகத்திலிருந்து கடலுக்குப் போகும் வாய்க்காலைக் கடக்கும்போது, முன்னால் நீர் கலங்குவதைக் காவலில் நின்றவர்கள் கண்டார்கள். நீர்மூழ்கி முங்கும் இடமாக இருக்கலாம் என்று கருதிக் கப்பலை அந்தத் திசையில் விரட்டி, ஆழத்தில் போய் வெடிக்கும் குண்டுகள் இரண்டைப் போடச் செய்தார் இந்தர் சிங். சில நிமிடங்களில் கரையில் இருந்தவர்களும் உணருமளவு பெரிய வெடிப்பு ஒன்று நிகழ்ந்தது. காஸியில் இருந்த 93 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

ராஜ்புத்தின் குண்டுகளே காரணம் என்பது நம் கடற்படையின் கூற்று. காஸி தான் விதைத்த கண்ணிவெடியிலேயோ உள்ளே நேர்ந்த விபத்திலேயோ அழிந்தது என்பது பாகிஸ்தானின் கூற்று. காஸியின் முன்பகுதி உள்ளிருந்து வெடித்தது போலச் சிதைந்திருந்ததைச் சுட்டி, நம்மவர்களில் சிலரும் ஐயம் எழுப்பியிருக்கிறார்கள். இது சம்பந்தமான நம் தரப்பு ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன என்று 2010இல் செய்தி வந்தபோது எனக்கு மிகுந்த வருத்தம். கடற்கரையில் பேசியவர் சொன்னதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அவர் அதோடு ராஜ்புத்தின் பங்கையே தள்ளிவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த இரண்டு குண்டுகள் ஒன்றுமே செய்யவில்லை என்று வைத்துக்கொண்டாலும், காஸியை அந்த வாய்க்கால் முகத்தில் நாள்கணக்கில் காத்திருக்க வைத்தது யார்? விக்ராந்தைக் கொல்ல நீருக்கடியில் வரும் டார்பிடோ குண்டு தன் மேல் பாயட்டும் என்று, ஓய்வு பெறும் வயதை எட்டியிருந்த ஒரு கப்பல் தன் பெயரை மறைத்துக்கொண்டு நடுக்கடலில் நின்றது. டார்பிடோ வந்திருந்தால் அந்த இரண்டு கதவுகளுக்கு உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்திருக்க மாட்டார்கள். என் கணக்கில் ராஜ்புத்தின் போர்ச்சேவை அந்தக் காத்திருப்புதான். விக்ராந்த் பத்திரமாக இருந்ததால்தான் டிசம்பர் 4 முதல் அதன் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்க முடிந்தது.

மாமா 1967இலேயே கடற்படையை விட்டு வந்துவிட்டார். காஸி மூழ்கிய செய்தியை டீக்கடை வானொலியில் கேட்டாராம். அது ராஜ்புத் என்று பழைய கூட்டாளி ஒருவர் கடிதம் எழுதிய பிறகே தெரிந்தது. அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, "அன்றைக்கு உள்ளே டூட்டி யார் பார்த்தானோ" என்று மட்டும் சொன்னதாக அத்தை சொல்கிறார்கள். கப்பல் 1976இல் உடைக்கப்பட்டபோதும் அவர் அதிகம் பேசவில்லையாம்.

கொதிகலன் அறை ஆட்கள் ஒன்பது பேர், முகத்தில் எண்ணெய்க் கறையோடு மேல்தளத்தில் நிற்கும் படம் ஒன்றை அத்தை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். பின்னால் யாரோ பென்சிலால் பெயர்களை எழுதியிருக்கிறார்கள். நான்கு பெயர்கள் மட்டுமே படிக்கும்படி இருக்கின்றன. உங்கள் ஊரில் இத்தகைய படங்களை வாங்கிப் பாதுகாப்பவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்து எழுது. பொங்கல் கழிந்து நானே கொண்டு வருகிறேன். தபாலில் அனுப்பப் பயமாக இருக்கிறது.

உன் அன்பு,
சுந்தரம்