வெயிலுக்குக் கெட்டி ஆயில் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடைக்கால வாகனப் பராமரிப்பு பற்றிய குறிப்புகளில், 'நம் ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-40 போன்ற கெட்டியான எஞ்சின் ஆயிலே நல்லது' என்று வெளியிட்டிருந்தீர்கள். அம்பாசிடருக்கும் பிரீமியர் பத்மினிக்கும் அது பொருந்தும். 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 கேட்கும் இன்றைய கார்களுக்குக் கெடுதல். தயவுசெய்து திருத்தம் வெளியிடுங்கள்.

டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண், ஆயில் குளிரில் எவ்வளவு இளக்கமாக ஓடும் என்பதற்கு; எண் சிறிதானால் இளக்கம் அதிகம். பின்னால் உள்ளது, 100 டிகிரி செல்சியஸில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. சென்னையில் பனியா பெய்கிறது, முன் எண் எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள். ஓடிச் சூடான எஞ்சினில், அதைக் குளிர்விக்கும் கூலன்ட்டை ஏறக்குறைய 90 டிகிரியில் தெர்மோஸ்டாட் பிடித்து வைக்கிறது. ஊட்டியானாலும் வேலூரானாலும் அந்தச் சூட்டில் பெரிய மாற்றம் இல்லை. அதனால் எஞ்சினுக்கு நம் ஊரின் 30 டிகிரி காலைப்பொழுதே குளிர்தான். அந்த நேரத்தில் 20டபிள்யூ-40, 0டபிள்யூ-20-ஐவிடச் சுமார் மூன்று மடங்கு கெட்டியாக இருக்கும். ஸ்டார்ட் செய்ததும் மேலே வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டுக்கும், காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவுக்கும் ஆயில் ஏறத் தாமதமாகும். அதுவரை உலோகத்தோடு உலோகம் உரசும். வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி அமைப்பு பல கார்களில் ஆயில் அழுத்தத்தால் இயங்குவது. அதன் சிறு துளைகளில் கெட்டி ஆயில் தயங்கித் தயங்கிப் போனால் எஞ்சின் லைட் எரியலாம், இழுவை குறையலாம். மைலேஜ் எப்படியும் விழும்.

பிஎஸ்-6 புகை விதிப்படி வந்த டீசல் கார்களில் செலவு இன்னும் பெரிது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. கரியைச் சுமார் 600 டிகிரியில் அது எரித்துவிடும். ஆயிலில் சேர்க்கும் உலோக உப்புகள் விட்டுச்செல்லும் சாம்பலோ எரியாது. உள்ளேயே தங்கி அடைத்துக்கொள்ளும். அதனால்தான் சாம்பல் 0.8 சதவீதத்துக்கு மிகாத ஏசிஇஏ சி3 (ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கத்தின் தரம்) போன்ற ஆயிலைக் கார் கையேட்டில் கேட்கிறார்கள். சிஐ-4 என்ற டீசல் ஆயில் தரம் மட்டும் அச்சிட்ட டப்பா டிபிஎஃப் இல்லாத லாரிக்கும் பழைய டீசலுக்கும் உரியது. சி3, சிஐ-4 இரண்டிலும் 5டபிள்யூ-30 கிடைக்கும் என்பதால், எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவர் இங்கேதான் ஏமாறுகிறார். நகருக்குள் குறுகிய தூரமே ஓடும் டீசல் காரில் கரியை எரிக்கும் சுற்று பாதியில் நின்று, அதற்காகக் கூடுதலாகத் தெளித்த டீசல் எஞ்சின் ஆயிலோடு கலக்கலாம். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் அளவு ஏறிக்கொண்டே போனால் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் ஆயிலை மாற்ற வேண்டும்.

பெட்ரோல் கார்களுக்கு அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் ஏபிஐ எஸ்பி தரம் பார்த்து வாங்கலாம். டர்போ எஞ்சினில் எரிபொருள் முன்கூட்டியே பற்றிக்கொள்ளும் கோளாறையும் டைமிங் செயின் தேய்மானத்தையும் தடுக்க 2020இல் வந்த தரம் அது. (மிஞ்சிய கார் ஆயிலை பைக்கில் ஊற்றாதீர்கள், கிளட்ச் வழுக்கலாம்.) அதிகம் ஓடி ஆயில் குடிக்கும் எஞ்சினுக்கு, கையேட்டு அட்டவணை அனுமதிக்கும் அடுத்த கெட்டியான எண்ணுக்குப் போகலாம், அதைத் தாண்டக் கூடாது.

அளவிலும் கவனம் வேண்டும். சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 3 முதல் 4 லிட்டர் போதும். டப்பாவில் மிச்சமிருக்கிறதே என்று முழுவதையும் ஊற்றினால் கிராங்க்ஷாஃப்ட் அதைக் கடைந்து நுரையாக்கும். நுரைத்த ஆயிலால் பேரிங்கைக் காக்க முடியாது. சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி ஊற்ற வேண்டும்.

குறிப்பைப் படித்து ஏற்கெனவே கெட்டி ஆயில் ஊற்றியவர்கள் பதற வேண்டாம். எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது முழுவதும் வடித்து, ஃபில்டரையும் டிரெயின் போல்ட் வாஷரையும் புதிதாகப் போட்டு, கையேட்டில் உள்ள ஆயிலை ஊற்றினால் போதும். எஞ்சினை உள்ளே கழுவத் தனியாக ஃபிளஷ் திரவம் தேவையில்லை.

இப்படிக்கு,
வாகனப் பழுதுநீக்குநர்,
கோயம்புத்தூர்