கதை கொடுத்தவர்களுக்கு

கடலூர் முதுநகர்க் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைக் கதை, என் நாவல், இப்போது அச்சகத்தில் இருக்கிறது. இடைப்பாலினமாக, அதாவது ஆண், பெண் என்ற வழக்கமான உடலமைப்பு இரண்டிலும் முழுதாக அடங்காமல், பிறந்த பிள்ளை ஒன்று வளர்ந்து ஆளாவதுதான் அதன் நடுநாயகம். அட்டையில் என் பெயர் மட்டுமே இருக்கும் என்பதால் இந்த மடல்.

தேவனாம்பட்டினத்துப் பெரியம்மா, முதல் வணக்கம் உங்களுக்கு. "இவரு அக்கா மகளக் கட்டிக்கிட்டாரு, இவங்க புள்ள மாமன் பொண்ணக் கட்டுனான்" என்று திண்ணையில் புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டினீர்கள். வெளியிலிருந்து வந்த கொட்டை ஒன்றுகூட இல்லை. கதையின் முடிச்சு எனக்கு அங்கேதான் பிடிபட்டது.

அந்த முடிச்சை விளக்கியவர் புதுச்சேரி டாக்டரம்மா. தாயும் தகப்பனும் ஒரே மரபணு மாற்றத்தை வெளியே தெரியாமல் சுமக்கலாம். அது இருவரிடமிருந்தும் பிள்ளைக்கு வந்துசேர 4-இல் 1 வாய்ப்பு. சொந்தத்தில் கட்டினால் இருவருமே சுமப்பவர்களாக இருக்கும் வாய்ப்பு கூடுதல். 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் குறைபாடு (ஆண் உறுப்பு கருவில் உருவாகத் தேவையான ஹார்மோனை ஆக்கும் நொதி சரியாக வேலை செய்யாத நிலை) அப்படி வருவது. ஆண்களுக்கு வழக்கமாக உள்ள எக்ஸ்-ஒய் குரோமோசோம் கொண்ட பிள்ளை பெண்ணென்றே வளர்ந்து, பருவத்தில் குரல் உடையக்கூடும். "எல்லா இடைப்பால் நிலையும் சொந்தத்துல கட்டுறதால வர்றதில்ல, அதையும் எழுதுங்க" என்று கறாராகச் சொன்னீர்கள். எழுதியிருக்கிறேன், டாக்டர்.

சிசுக்களுக்குத் தேவையில்லாத பாலின அறுவை கூடாதென்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைத் தீர்ப்பையும், அதையொட்டி வந்த தமிழ்நாடு அரசாணையையும் (இரண்டும் 2019) வரிவரியாகப் படித்துக் காட்டிய வழக்கறிஞர் நண்பருக்கு நன்றி. கடைசி அத்தியாயத்து மருத்துவமனைக் காட்சி அதிலிருந்து பிறந்தது. நாடு முழுக்க இப்படியொரு தடை வந்தே ஆக வேண்டும். புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலக ஊழியர்களுக்கும் பிழை திருத்திய தம்பிக்கும் என் அன்பு.

தன் வாழ்க்கையையே எடுத்துக் கொடுத்த தோழருக்கு என்ன சொல்ல? கூடப் படித்தவர்களுக்கெல்லாம் மஞ்சள் நீராட்டு முடிந்தும், தாய்மாமன் எடுத்து வைத்த பட்டுப் பாவாடை மடிப்புக் கலையாமல் உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடந்தது. "இன்னும் வயசுக்கு வரலியா?" என்ற கேள்விக்குப் பயந்து, கூட்டமில்லாத நேரம் பார்த்தே ரேஷன் கடைக்குப் போனார் அம்மா. "அம்மா ஒரு வார்த்தை திட்டல. தலைய வாரிவிட்டுக்கிட்டே இருந்தாங்க" என்றீர்கள். அந்த வரியில் நான் கை வைக்கவில்லை.

உங்கள் பெயர் எங்கும் வராது. சமர்ப்பணப் பக்கத்தில் 'தலை வாரிவிட்ட அம்மாவுக்கு' என்று மட்டும் போட்டுக்கொள்ளட்டுமா? அந்த ஒரு பக்கத்தை மட்டும் நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் சரியென்ற பிறகே அது அச்சேறும்.