அடித்தவரை உட்கார வைத்துக் கேளுங்கள்: சமூக நலத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற குடும்பநல ஆலோசகர். 1992இல் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையங்களும், 181 உதவி எண்ணும், ஒருங்கிணைந்த சேவை மையங்களும் அடிபட்ட பெண்கள் எத்தனையோ பேருக்குக் கைகொடுத்திருக்கின்றன. ஆயினும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். அந்த வன்முறையைச் செய்தவரை நிறுத்த நம்மிடம் என்ன ஏற்பாடு இருக்கிறது என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

இருவரையும் அருகருகே அமர்த்தி, "இனிமேல் கை நீட்ட மாட்டேன்" என்று கணவரிடம் எழுதி வாங்கி, "நீயும் கொஞ்சம் அனுசரித்துப் போம்மா" என்று மனைவியிடம் சொல்லி அனுப்புவதே பெரும்பாலும் நடக்கிறது. நானும் அப்படி அனுப்பியவள்தான். மூன்றாம் முறையாக வந்த ஒரு பெண், கணவர் முன்பு எழுதிக்கொடுத்த இரண்டு தாள்களின் நகல்களையும் பையிலிருந்து எடுத்து என் மேசையில் வைத்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் (2005) 14ஆம் பிரிவு, வழக்கின் எந்தக் கட்டத்திலும் எதிர்மனுதாரரை, அதாவது வன்முறை செய்ததாகப் புகாருக்கு ஆளானவரை, தனியாக ஆலோசனைக்கு அனுப்ப நீதித்துறை நடுவருக்கு அதிகாரம் தருகிறது. செய்த வன்முறைக்கு நியாயம் கற்பிக்க அந்த ஆலோசனையில் இடமில்லை என்று 2006ஆம் ஆண்டு விதிகளும் சொல்கின்றன. சட்டம் இருக்கிறது, அனுப்பி வைக்க இடம்தான் இல்லை. அமெரிக்காவில் பாஸ்டனில் 1977இலும் டுலூத்தில் 1981இலும் மனைவியை அடித்த ஆண்களைக் குழுவாக அமர்த்தி, அதை நிறுத்தக் கற்பிக்கும் பணி தொடங்கியது. கலிபோர்னியாவில் இக்குற்றத்துக்காக சிறைக்குப் பதில் நன்னடத்தைக் கண்காணிப்பில் விடப்படுபவர், வாரம் இரண்டு மணி நேரம் வீதம் ஓராண்டு குழுவுக்கு வர வேண்டும். நாமோ ஒரு மதியத்தில் முடித்துவிடுகிறோம்.

ஓய்வுக்கு முந்தைய ஆண்டில், ஆண் ஆலோசகர் ஒருவரோடு சேர்ந்து எட்டுப் பேர் கொண்ட குழுவை வாரந்தோறும் நடத்தினேன். தொடக்கத்தில் எவரும் 'அடித்தேன்' என்று சொல்லவில்லை. "ஆத்திரத்துல கை பட்டுடுச்சு", "அவ வாய்தான் காரணம்" என்றார்கள். நான் மறுத்திருந்தால், பெண்ணுக்காகப் பெண் பரிந்து பேசுகிறாள் என்று ஒதுக்கியிருப்பார்கள். ஆனால் அதே குற்றத்துக்காக வந்திருந்த லாரி ஓட்டுநர், "உங்க முதலாளி திட்டுனப்ப கை படலையாண்ணே?" என்று கேட்டபோது, நெடுநேரம் யாரும் வாய் திறக்கவில்லை. குடிதான் காரணம் என்ற பேச்சும் அதன்பின் குறைந்தது. எவ்வளவு குடித்திருந்தாலும் தெருவில் எவர் மீதும் கை வைக்காமல்தானே வீடு வந்து சேர்ந்திருக்கிறார்கள்! சில வாரங்கள் கழித்து இன்னொருவர், தம் பைக் சத்தம் கேட்டதும் மகள் டிவியை அணைத்துவிட்டுப் புத்தகத்தை விரிப்பாள் என்றும், அதை ஒழுக்கம் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லி வந்ததாகவும் கூறினார். அன்றுதான் அவர் முதன்முறையாக, "நான் அடிச்சேன்" என்றார்.

எட்டுப் பேரில் மூவர் பாதியில் நின்றுவிட்டார்கள். இத்தகைய குழுக்களின் பலன் குறித்து உலக அளவிலும் ஆய்வுகள் ஒரே முடிவைச் சொல்லவில்லை. ஆகவே கணவர் குழுவுக்குப் போகிறார் என்பதற்காக, மனைவியைக் காக்க நீதிமன்றம் தந்த பாதுகாப்பு ஆணையைத் தளர்த்துவதோ, வழக்கைத் திரும்பப் பெறும்படி மனைவியை வற்புறுத்துவதோ கூடாது. குழு தொடங்கிய நாள்முதல் வேறொரு பெண் பணியாளர் மனைவியோடு தனியே தொடர்பில் இருக்க வேண்டும். கணவர் மாறிவிட்டாரா என்பதற்கு மனைவியின் சொல்லே சான்று. மனைவிக்கு ஆபத்து இருப்பது தெரிந்தால், குழுவில் பேசியது இரகசியம் என்று மறைக்காமல், இச்சட்டத்தின்கீழ் நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். இதற்கான நிதியைப் பெண்களின் தங்குமிடங்களிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்கக் கூடாது என்பதை மன்றாடிக் கேட்கிறேன்.

முதலில் இரண்டு மாவட்டங்களில், ஆணும் பெண்ணுமாக இருவரைப் பயிற்றுவித்து, குறைந்தது ஆறு மாதம் நடக்கும் குழுக்களை மாலை நேரத்தில் தொடங்குங்கள். பகலில் வைத்தால் கூலி போகிறது என்ற சாக்கு வந்துவிடும். நடுவர்கள் 14ஆம் பிரிவின்கீழ் அனுப்பக்கூடிய குழுக்களின் பட்டியல் ஒவ்வொரு பாதுகாப்பு அலுவலரிடமும் இருக்கட்டும். பயிற்சி தர என்னை அழைத்தால், ஊதியமின்றி வரக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்பநல ஆலோசகர்