சரக்கு இன்ஜினின் வேகம் ஏற்றத்தில்தான் தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினியில் ரயில் ஓட்டும் சிமுலேட்டர்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் இளைஞர் பகுதியில் அண்மையில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். நம் ஊர்ப் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த ரயில் பாதைகளைத் தாங்களே கணினியில் உருவாக்குகிறார்கள் என்பது மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனால், விரைவுச் சரக்கு ரயிலுக்கு மின்சார இன்ஜின் தேடுவோர் மணிக்கு 140 கி.மீ. வேகம் கொண்ட டபிள்யூ.ஏ.பி.-7 இன்ஜினை எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் தரப்பட்டிருந்த யோசனையை, சரக்கு ரயில்களை ஓட்டி ஓய்வுபெற்ற லோகோ பைலட் என்ற முறையில் என்னால் ஏற்க முடியவில்லை.

என் பேரனும் அவன் நண்பர்கள் மூவரும் ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் வரையிலான ஏறத்தாழ 120 கி.மீ. பாதையை ஓப்பன் ரெயில்ஸ் சிமுலேட்டருக்காகக் கடந்த ஓராண்டாக உருவாக்கி வருகிறார்கள். தன்னார்வலர்கள் உருவாக்கி இலவசமாக வழங்கும் இந்த மென்பொருள், 2001இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டருக்காகச் செய்யப்பட்ட பாதைகளையும் வண்டிகளையும் ஏற்றுக்கொள்ளும் என்பதால், இந்திய ரயில்களில் ஆர்வம் கொண்ட பலரும் இதையே நாடுகிறார்கள். மொரப்பூர், பொம்மிடி, லோக்கூர் என ஒவ்வொரு நிலையத்தையும் பிள்ளைகள் புகைப்படம் பார்த்துப் பார்த்துச் செதுக்கியிருக்கிறார்கள். சேலம் நோக்கிச் செல்லும் கன்டெய்னர் ரயிலுக்கு எந்த இன்ஜினைப் போடுவது என்ற கேள்வி எழுந்தபோதுதான் என்னிடம் வந்தார்கள்.

இன்ஜின் பெயரிலேயே பாதி விடை இருக்கிறது. டபிள்யூ என்பது அகலப் பாதை, ஏ என்பது மாறுதிசை மின்சாரம், ஜி என்றால் சரக்கு, பி என்றால் பயணிகள். ரயில்வேயில் நாங்கள் வேக்-9 என்று சொல்லும் டபிள்யூ.ஏ.ஜி.-9, ஏபிபி நிறுவனத்தின் மூன்று கட்ட மின்மோட்டார் தொழில்நுட்பத்துடன் 1996இல் இந்தியாவுக்கு வந்தது. 1998 முதல் மேற்கு வங்கத்தின் சித்தரஞ்சன் ரயில் இன்ஜின் தொழிற்சாலையிலேயே தயாராகிறது. வேப்-7 என்று நாங்கள் சொல்லும் டபிள்யூ.ஏ.பி.-7 அதே இன்ஜினின் பயணிகள் வடிவம். இரண்டின் எடையும் 123 டன். குதிரைத்திறனும் 6,000க்கு மேல், ஏறக்குறைய சமம்தான். முக்கியமான வேறுபாடு கியரில் இருக்கிறது. வேக்-9இல் சக்கரம் ஒரு முறை சுற்ற மோட்டார் ஐந்து முறைக்குச் சற்று அதிகமாகச் சுற்ற வேண்டும், வேப்-7இல் 3.6 முறை சுற்றினால் போதும். அதனால் வேப்-7 மணிக்கு 140 கி.மீ. போகிறது, வேக்-9 100 கி.மீ. போகிறது. ஆனால் புறப்படும்போது வேக்-9 தரும் இழுவிசை 458 கிலோ நியூட்டன். வேப்-7 தருவது சுமார் 323தான். வேகத்தில் எந்த அளவு கூடியதோ, ஏறக்குறைய அதே அளவு இழுவிசையில் குறைந்துவிட்டது.

இது ஓட்டுபவருக்கு என்னவாகத் தெரியும் என்பதைப் பேரனுக்குத் தாளில் கணக்குப் போட்டே காட்டினேன். பிஎல்சி எனப்படும் தாழ்தள கன்டெய்னர் வேகன்கள் 45 கொண்ட ரயில், முழுச் சுமையுடன் ஏறத்தாழ 3,660 டன் இருக்கும். இன்ஜினையும் சேர்த்தால் 3,780 டன்னைத் தாண்டும். 150 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்தில் இந்த ரயில் சிக்னலுக்காக நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ரயிலைப் பின்னோக்கி இழுக்கும் புவியீர்ப்பு மட்டுமே சுமார் 247 கிலோ நியூட்டன். நின்ற வண்டி உருளத் தொடங்கும்போது சக்கரங்களிலும் பேரிங்குகளிலும் எழும் தடையையும் சேர்த்தால் 400ஐ நெருங்கும். வேக்-9 மெல்ல நகர்ந்துவிடும். வேப்-7 மின்சாரத்தை இழுத்து உறுமிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கும். 140 கி.மீ. என்ற எண்ணால் அங்கே ஒரு பயனும் இல்லை. அந்த வேகன்களின் அதிகபட்ச வேகமே 100 கி.மீ. என்னும்போது, இன்ஜினின் மீதி 40 கி.மீ. சமதளத்திலும் பயன்படப்போவதில்லை.

சரக்கு ரயிலின் பயண நேரத்தை முடிவு செய்வது அது எட்டும் உச்ச வேகம் அன்று. விரைவு ரயிலுக்கு வழிவிட லூப் லைன் எனப்படும் பக்கப் பாதையில் ஒதுங்கி நின்றுவிட்டு, பச்சை விழுந்ததும் கடைசி வேகன், பாதை மாறும் இடமான பாயின்ட்டைத் தாண்டும்வரை குறைந்த வேகத்தில் ஊர்ந்து, மெயின் லைனுக்கு வந்து மறுபடி வேகம் பிடிக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்பதுதான் முக்கியம். அதில் இரண்டு நிமிடம் மிச்சமானால் பின்னால் வரும் வண்டிக்கு மஞ்சள் விளக்கு விழாது. இதற்குத் தேவை குறைந்த வேகத்தில் குறையாத இழுவிசை. விரைவுச் சரக்கு இன்ஜின் என்று நாங்கள் மதித்தது அதைத்தான்.

மழை இரவில் ஏற்றத்தில் நின்று புறப்பட்ட அனுபவம் எனக்கு இன்றும் கண்முன் நிற்கிறது. பழைய வேக்-5 இன்ஜின் அது. மோட்டாரின் திறனைப் படிப்படியாகக் கூட்டும் நாட்சை ஏற்றியதும் சக்கரம் வழுக்கிச் சுழல, மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்மீட்டரின் முள் துள்ளி விழுந்தது. நாட்சைக் குறைத்து, சக்கரம் வழுக்காதிருக்கத் தண்டவாளத்தில் மணல் விட்டு, ஒவ்வொரு நாட்சாக மறுபடி ஏற்றி, வேகன்களை இணைக்கும் கப்ளிங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக இறுகும் ஓசையைக் காதால் கேட்டுக்கொண்டே நகர்த்த வேண்டியிருந்தது. வேக்-9இல் சறுக்கலைக் கருவியே உணர்ந்து திறனைக் குறைத்துக்கொள்கிறது. இந்த வேறுபாடு சிமுலேட்டரிலும் தெரிய வேண்டும் என்றால், ஓப்பன் ரெயில்ஸில் சக்கரப் பிடிமானத்தை விரிவாகக் கணக்கிடும் வசதியை இயக்கிவிட வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.

இணையத்தில் கிடைக்கும் இன்ஜின்களை அப்படியே நம்பிவிடவும் கூடாது. பேரன் பதிவிறக்கிய ஒரு வேப்-7, வெள்ளை உடலும் சிவப்புப் பட்டையுமாக, பார்க்க அச்சு அசலாக இருந்தது. ஆனால் 45 வேகன்களையும் பாசஞ்சர் ரயிலைப் போல அநாயாசமாக இழுத்துச் சென்றது. சந்தேகப்பட்டு அதன் கோப்பைத் திறந்து பார்க்கச் சொன்னேன். அதிகபட்ச இழுவிசை என்ற இடத்தில் உண்மையான அளவைப் போல இரு மடங்கு எழுதப்பட்டிருந்தது. அதை 323 என்று திருத்தியதும் ரயில் ஏற்றத்தில் நின்றுவிட்டது. அன்று பிள்ளைகளின் முகத்தில் வந்த வியப்பைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே நிறைவாக இருந்தது.

காலத்தையும் பார்க்க வேண்டும். 1990களின் தொடக்கத்தைக் காட்டும் பாதை என்றால் வேக்-9 அங்கே ஓடவே முடியாது. 1984 முதல் வந்த வேக்-5, அல்லது 1992இல் வந்த 5,000 குதிரைத்திறன் கொண்ட வேக்-7 தான் பொருந்தும். இன்றைய பாதைக்கு, 135 டன் எடையுடன் தண்டவாளத்தை இன்னும் இறுகப் பிடிக்கும் வேக்-9எச் சிறந்தது. பீகாரின் மாதேபுராவில் தயாராகும் 12,000 குதிரைத்திறன் கொண்ட வேக்-12 இரட்டை இன்ஜின் பிள்ளைகளின் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் இந்த ஒரு ரயிலுக்கு அது மிகை.

வேப்-7க்குச் சரக்கில் இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பார்சல் வேன்கள், பால் டேங்கர்கள் போன்ற இலகுவான, அவசரமான சரக்குக்கு அது மிகப் பொருத்தமானது. 2020 மார்ச்சில் ரேணிகுண்டாவிலிருந்து டெல்லிக்குத் தொடங்கப்பட்ட பால் ரயிலில் ஒரு டேங்கர் கொள்ளும் பால் 40,000 லிட்டர். சில டேங்கர்கள் கொண்ட அத்தகைய வண்டியில் இழுவிசை ஒரு பிரச்சினையே அன்று, அங்கே வேகம் பயன்படும்.

கட்டுரையில் விடுபட்ட இன்னொன்று நியூட்ரல் செக்‌ஷன். 25,000 வோல்ட் மின்கம்பியில் இரு துணைமின் நிலையங்களின் மின்சாரம் சந்திக்கும் இடத்தில் மின்சாரம் இல்லாத சிறு பகுதி இருக்கும். 500 மீட்டரிலும் 250 மீட்டரிலும் எச்சரிக்கைப் பலகைகளைக் கண்டு, இன்ஜினின் மெயின் சர்க்யூட் பிரேக்கரைத் திறந்து, வேகத்தின் உந்துதலிலேயே அதைக் கடக்க வேண்டும். கனமான சரக்கு ரயில் ஏற்றத்தில் அந்தச் சில நொடிகளில் இழக்கும் வேகத்தை மீட்க வெகுநேரம் ஆகும். பாதை அமைப்போர் இதை விட்டுவிட்டால், எந்த இன்ஜினைத் தேர்ந்தெடுத்தாலும் ஓட்டுபவருக்கு லோகோ பைலட்டின் கவலை புரியாது.

கன்டெய்னர் ரயிலுக்கு வேக்-9எச், அதிகாலைப் பார்சல் ரயிலுக்கு வேப்-7 என்று பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்கள். கட்டுரையைப் படித்து இதே முயற்சியில் இறங்கியிருக்கும் மற்றப் பிள்ளைகளுக்காக, கனரகச் சரக்கு ரயிலுக்கு வேப்-7 ஏற்றதன்று என்ற திருத்தத்தை அதே பகுதியில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லோகோ பைலட்,
ஜோலார்பேட்டை.