நன்றியுரையில் விடுபட்ட பெயர்

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் நலமறிய ஆவல். பொங்கலுக்குப் பிறகு உன் குரலைக் கேட்கவில்லை என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை, உனக்கு வேலை மிகுதி என்று அப்பா சொன்னார். ஹாலிஃபாக்ஸில் இன்னும் பனி கொட்டுவதாகச் செய்தியில் காட்டினார்கள். உப்புத் தூவாமல் வாசற்படியில் இறங்காதே. வலது காலை முதலில் ஊன்றாதே.

நிகழ்ச்சி சென்ற சனிக்கிழமை நல்லபடியாக நிறைவேறியது. அழைப்பிதழுக்கு நீ அனுப்பிய கட்டைவிரல் படமும் கிடைத்தது. ஐந்திணையைப் பனித்தளத்தில் ஆடப்போகிறோம் என்று நான் தொடங்கியபோது, பாலைக்கு மணலுக்கு எங்கே போவாய் என்று பெரியம்மா சிரித்தார். மஞ்சள் விளக்கை வெள்ளைப் பனியின்மேல் தாழ்வாக விட்டபோது முதலில் கைதட்டியவரும் அவர்தான்.

ஆனால் முதல் இரண்டு மாதங்கள் நான் தோற்றுக்கொண்டே இருந்தேன். தட்டடவு என்றால் தரையைத் தட்ட வேண்டும். பனியில் தட்டினால் ஸ்கேட்ஸ் தகட்டின் முன்நுனிப் பற்கள் குத்திப் பிள்ளை குப்புற விழும். முப்பது ஆண்டுகளாகத் தட்டுக்கழியால் காலத்தை அளந்து பழகிய எனக்கு, ஓசையே எழுப்பாமல் ஒற்றைக் காலில் எட்டு அட்சரங்களை வழுக்கியபடி கடந்துபோகும் பிள்ளையை எந்த ஜதிக்குள் கொண்டுவருவது என்று விளங்கவில்லை. பாட்டும் ஏமாற்றியது. 60 மீற்றர் நீளத் தளத்தின் ஒரு முனையில் ஒலிபெருக்கியை வைத்தால், மறுமுனைக்கு ஓசை போய்ச்சேர விநாடியில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகிறது. துரித காலத்தில் ஒரு வரிசையைக் குலைக்க அது தாராளமாகப் போதும்.

அப்போதுதான் உன் சொல் நினைவுக்கு வந்தது. 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் மெரில் டேவிஸும் சார்லி வைட்டும் இந்திய நடனத்தைப் பனியில் ஆடிக் காட்டியபோது, நான் தொலைக்காட்சிக்கு முன்னால் அமர்ந்து அவர்களுடைய முத்திரைகளில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். பதினொரு வயதுப் பிள்ளை நீ, "அம்மா, கையை விடுங்கோ, காலைப் பாருங்கோ. எந்த விளிம்பிலை நிக்கினம் எண்டு பாருங்கோ" என்றாய். அன்று நான் பார்க்கவில்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்து, விடியற்காலை ஆறு மணிக்கு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு பார்த்தேன். தகட்டின் உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு உடல் சாய்ந்து மாறுகின்ற அந்தக் கணத்தில், தாளம் தொடங்கும் இடமான சமத்தை வைத்தேன். கால் தட்டாமலே தாளம் தெரிந்தது. அரைமண்டியில் இருத்திப் பழக்கிய முழங்கால், பனியிலும் அப்படியே மடிந்து உதவியது.

1976இல் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஜான் கரி, போட்டிகளை விட்டுவிட்டுப் பனிச்சறுக்கை நாடக அரங்குக்குக் கொண்டுபோனதையும், ட்வைலா தார்ப் போன்ற மேடை நடன அமைப்பாளர்கள் அவருக்காக ஆடல்களை அமைத்ததையும் நீ ஒருமுறை எனக்கு வாசித்துக் காட்டினாய். நான் வெங்காயம் உரித்துக்கொண்டு, வீட்டுப்பாடம் முடிந்ததா என்று கேட்டேன்.

ஆட்டம் முடிந்ததும் ஒலிவாங்கியை என் கையில் தந்தார்கள். எனக்குப் பனிமீது நிற்கக் கற்றுத்தந்த பயிற்சியாளருக்கு நன்றி சொன்னேன். ஓர் ஊக்கு விழுந்தால்கூட ஒரு பிள்ளையின் தகடு இடறும் என்பதால் விசிறிக் கொசுவம் முழுவதையும் நூலாலேயே தைத்துத் தந்த தாய்மாருக்கு நன்றி சொன்னேன். ஸாம்போனி ஓட்டும் பெரியவர், தளத்தை மெழுகிய பிறகும் கைவிளக்குடன் ஒருமுறை நடந்து பார்த்து ஒரு கொண்டை ஊசியைப் பொறுக்கிவந்தார், அவருக்கும் சொன்னேன். தாளில் பதினான்கு பெயர்கள் இருந்தன. உன் பெயர் இல்லை. எழுத மறக்கவில்லை. எழுதிவிட்டு, உறவினர் எல்லோரும் இருக்கும் சபையில் அதை வாசிக்கத் துணிவில்லாமல் வெட்டினேன்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நிகழ்ச்சிக்குப் பத்து நாள் இருக்கையில், நெய்தலில் தலைவியாக ஆடவேண்டிய பிள்ளைக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. பதினாறு வயது. அவளுடைய தாய் என்னைத் தனியே அழைத்து, "இறுக்கிக் கட்டுப் போட்டால் ஆடலாம்தானே, டீச்சர்?" என்றார். அந்தக் குரல் எனக்குப் பழக்கமானது. அது என்னுடைய குரல்.

உன் அரங்கேற்றத்துக்கு அப்போது மூன்று வாரம் இருந்தது. மண்டபத்துக்குக் காசு கட்டியாகிவிட்டது, லண்டன் மாமி பயணச்சீட்டு எடுத்துவிட்டார். நீ பனித்தளத்தில் விழுந்து நொண்டிக்கொண்டு வந்தாய். வீக்கம் இருந்தது எனக்குத் தெரியாது என்று இத்தனை ஆண்டுகளாக அப்பாவிடமும் சொல்லிவருகிறேன். அது பொய். அரங்கேற்றத்தன்றும் வீக்கம் வற்றவில்லை. சலங்கையின் வார் உன் காலைச் சுற்றி எட்டவில்லை. அப்பாவின் பெட்டியிலிருந்து ஓர் ஆணியை எடுத்து, தோலில் இன்னொரு துளை போட்டேன். வர்ணம் என்ற அந்த ஒரு உருப்படி மட்டும் நாற்பது நிமிடம். ஒவ்வொரு தட்டுக்கும் உன் கீழுதடு உள்ளே மடிவதை தட்டுக்கழியுடன் நட்டுவாங்கத்தில் இருந்தபடி பார்த்தேன், காலத்தைக் குறைக்கவில்லை. பிள்ளையின் முகத்தில் எவ்வளவு பாவம் என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். கேட்டு மகிழ்ந்தேன்.

அதன்பிறகு நீ சலங்கையும் கட்டவில்லை, பனித்தளத்துக்கும் போகவில்லை. படிப்பு என்றாய். கேட்டவர்களிடம் நானும் படிப்பு என்றே சொன்னேன். பாலங்களை வடிவமைக்கும் மகள் என்று பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறேன், பெருமை உண்மை. ஆனால் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் நீ. மௌனமாக இருப்பது உன் அப்பம்மாவின் பழக்கம்.

அந்தப் பிள்ளையை நான் ஆடவிடவில்லை. பனியின்மேல் ஒரு கம்பளம் விரித்து, முக்காலி போட்டு அமரவைத்தேன். நெய்தலில் காத்திருப்பவள் நடக்கத் தேவையில்லை. மற்றவர்கள் அலைகளாக அவளைச் சுற்றி வழுக்கிப் போனார்கள். அவள் கைகளாலும் கண்களாலும் மட்டும் ஆடினாள். நான் செய்த ஐந்திலும் அது ஒன்றுதான் எனக்குத் திருப்தி. அதற்குரிய நன்றி உனக்குத்தான்.

கணுக்காலை ஒரு மருத்துவரிடம் காட்டு. குளிரில் இப்போதும் வலிக்கிறது என்று உன் தம்பி தவறிச் சொல்லிவிட்டான், அவனைக் கோபிக்காதே. காட்டிவிட்டு என்ன சொன்னார்கள் என்று எனக்குச் சொல்ல விருப்பமில்லை என்றால் அப்பாவிடம் சொல்.

உன் ஸ்கேட்ஸ் நிலவறை அலமாரியில் இருக்கின்றன. தகடுகளில் ஏறியிருந்த துருவைத் துடைத்து எண்ணெய் பூசி, துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். தீட்டக் கொடுக்கவில்லை. எவ்வளவு கூர் வேண்டும் என்பது உனக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
அம்மா